எதிராளியின் கையில் ஒரு ஷைனி

ரசிகர்களே உருவாக்கும் போக்கிமான் விளையாட்டுகளை ஆடுபவர்களுக்கு இந்தக் கணம் பழக்கமானது. எதிரே நிற்கும் ஜிம் லீடர் தன் கடைசிப் பந்தை எறிகிறார். பந்து திறந்ததும் நட்சத்திரப் பொறிகள் சிதறுகின்றன. கூடவே அந்தச் சிற்றொலி. வெளியே வந்து நிற்பது வழக்கமான நிறத்தில் இல்லை. அது ஷைனி. ஆடுபவர் நாள்கணக்கில் புல்வெளிகளில் அலைந்தும் காணாத ஒன்றைக் கணினி இயக்கும் ஒரு பாத்திரம் கையில் வைத்திருக்கிறது. அதைப் பிடிக்க முடியாது, வீழ்த்தத்தான் முடியும்.

இப்படி எதிராளிகளுக்கு ஷைனி கொடுப்பது நல்ல வடிவமைப்பா? ரசிகர்களிடையே இரண்டு எளிய விடைகள் உலவுகின்றன. உலகம் எல்லோருக்கும் பொது, அரியது எனக்குக் கிடைக்கலாம் என்றால் எதிராளிக்கும் கிடைக்கலாம் என்பது ஒன்று. ஷைனி ஆடுபவரின் உழைப்புக்கு உரியது, எதிராளியிடம் அதைக் கொடுப்பது வெறும் சீண்டல் என்பது மற்றொன்று. இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் ஷைனி எப்படி உருவாகிறது, அதன் மதிப்பு எங்கிருந்து வருகிறது என்று பாராமல் இரண்டில் எதையும் ஏற்பதற்கில்லை.

இவ்வளவு சிறிய வடிவமைப்பு முடிவுக்கு இத்தனை ஆய்வு தேவையா என்று கேட்கலாம். தேவை என்றே கருதுகிறேன். இந்த விளையாட்டுகள் விற்பனைக்காகச் செய்யப்படுபவை அல்ல. 2016 ஆகஸ்டில் வெளிவந்த போக்கிமான் யுரேனியம் ஏறத்தாழ ஒன்பது ஆண்டு உழைப்பில் உருவானது. சில நாள்களுக்குள் 15 லட்சம் முறை பதிவிறக்கப்பட்டது. நின்டெண்டோ தரப்பின் சட்ட அறிவிப்புகளுக்குப் பின் அதை உருவாக்கியவர்கள் பதிவிறக்க இணைப்புகளைத் தாங்களே நீக்கினார்கள். எந்த நாளும் மறைந்துவிடலாம் என்று தெரிந்தே, பணம் எதிர்பாராமல், ஒவ்வொரு எதிராளியின் அணியையும் ஒருவர் உட்கார்ந்து எழுதுகிறார். அந்த உழைப்புக்குத் தரும் மரியாதை பாராட்டு மட்டுமல்ல. அதன் ஒவ்வொரு முடிவையும் கலைப் படைப்பின் முடிவாக மதித்து எடைபோடுவதும் மரியாதைதான்.

ஷைனியின் பிறப்பிலிருந்து தொடங்குவோம். 1999 நவம்பரில் ஜப்பானில் வெளிவந்த கோல்டு, சில்வர் விளையாட்டுகளில்தான் ஷைனி முதலில் வந்தது. அங்கே ஒவ்வொரு போக்கிமானுக்கும் உள்ளார்ந்த ஆற்றல் எண்கள் உண்டு. ஒவ்வொன்றும் 0 முதல் 15 வரை. தற்காப்பு, வேகம், சிறப்பு ஆகிய மூன்றும் சரியாக 10 ஆக அமைய வேண்டும். தாக்குதல் எண் குறிப்பிட்ட எட்டு மதிப்புகளில் ஒன்றாக இருக்க வேண்டும். மூன்று எண்களும் 10 ஆக அமையும் வாய்ப்பு 4096-இல் ஒன்று. தாக்குதல் நிபந்தனை அதைப் பாதியாக்குகிறது. ஆக 8192-இல் ஒன்று.

2002-இல் வந்த ரூபி, சஃபையர் இந்தக் கணக்கை வேரோடு மாற்றின. ஷைனித் தன்மைக்கும் ஆற்றல் எண்களுக்கும் இருந்த தொடர்பு அறுந்தது. அதற்குப் பதிலாக நான்கு எண்கள் சேர்ந்து முடிவுசெய்தன: போக்கிமானின் தனித்தன்மை எண்ணின் இரு பாதிகள், அதை முதலில் பிடித்தவரின் அடையாள எண், அவரே அறியாத இரகசிய எண். நான்கையும் இணைத்துப் பெறும் விடை 0 முதல் 65,535 வரை எதுவாகவும் இருக்கலாம். அது 8-க்குக் குறைவாக இருந்தால் ஷைனி. 2013-இல் எக்ஸ், ஒய் விளையாட்டுகள் இந்த வரம்பை 16 ஆக்கின. வாய்ப்பு 4096-இல் ஒன்றாக உயர்ந்தது.

இந்த மாற்றத்தில் நம் கேள்விக்குத் தேவையான இரண்டு உண்மைகள் இருக்கின்றன. முதலாவது, ரூபி, சஃபையருக்குப் பின் ஷைனிக்கும் வலிமைக்கும் தொடர்பே இல்லை. மெட்டாகிராஸ் என்னும் போக்கிமானை எடுத்துக்கொண்டால், ஷைனி மெட்டாகிராஸ் சாதாரண மெட்டாகிராஸைவிட ஒரு புள்ளிகூட அதிகம் தாக்காது. எனவே எதிராளியின் ஷைனி சண்டையைக் கடினமாக்குவதில்லை. அது முழுக்க முழுக்க ஓர் அறிகுறி. அறிகுறி என்றால் அது எதைச் சொல்கிறது என்று கேட்கும் உரிமை ஆடுபவருக்கு உண்டு.

இரண்டாவது உண்மை இன்னும் ஆழமானது. பிடித்தவரின் எண்கள் கணக்கில் கலந்திருப்பதால், ஷைனியாக இருப்பது அந்த விலங்கின் தனிப் பண்பே அல்ல. ஒரே தனித்தன்மை எண் கொண்ட போக்கிமான் ஒருவர் முன் தோன்றினால் மின்னும். வேறொருவர் முன் தோன்றினால் மின்னாது. அது பிடித்தவருக்கும் பிடிபட்டதற்கும் இடையே அமையும் உறவு. கைமாற்றிக் கொடுத்தாலும் முதலில் பிடித்தவரின் எண்கள் அதனுடனே பயணிக்கின்றன. ஷைனித் தன்மையும் அதனால்தான் நிலைக்கிறது. ஒவ்வொரு ஷைனிக்குப் பின்னாலும் அதை முதலில் சந்தித்த ஒரு மனிதர் உண்டு என்பதைக் கணக்கீடே உறுதிசெய்கிறது.

இனி எதிராளிகளுக்கு வருவோம். முதன்மை விளையாட்டுகளில் எதிராளிகளின் கையில் ஷைனி தோன்றுவது மிக மிக அரிது. அது தற்செயலாக நேர்ந்ததும் அல்ல. 2004-இல் ஜப்பானில் வெளிவந்த எமரால்டின் நிரலை ரசிகர் குழு ஒன்று படிக்கத்தக்க மூல நிரலாக மீட்டெழுதியிருக்கிறது. அதில் எதிராளியின் அணி எப்படி உருவாகிறது என்று வரிவரியாகப் பார்க்கலாம். எதிராளியின் பெயரிலும் அவரது போக்கிமான் இனங்களின் பெயரிலும் உள்ள எழுத்துகளிலிருந்து தனித்தன்மை எண் கணக்கிடப்படுகிறது. அதனால் அதே எதிராளியிடம் அதே போக்கிமான் எப்போதும் அதே இயல்போடு வரும். ஆனால் உரிமையாளரின் அடையாள எண் மட்டும் சண்டை தொடங்கும்போது தற்செயலாக எடுக்கப்படுகிறது. எடுத்த எண் ஷைனியை உண்டாக்குமானால் நிரல் அதை வீசிவிட்டு வேறொன்றை எடுக்கிறது. ஷைனி ஆகாத எண் கிடைக்கும்வரை திரும்பத் திரும்ப எடுக்கிறது.

இந்தக் காவல் இல்லாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அடையாள எண் ஒவ்வொரு சண்டைக்கும் புதிதாகப் பிறப்பதால், ஒரே எதிராளியின் ஒரே போக்கிமான் இன்று ஷைனியாகவும் நாளை சாதாரணமாகவும் வந்து நிற்கக்கூடும். தோற்றுவிட்டுச் சேமித்த இடத்திலிருந்து மீண்டும் ஆடினால் அதன் நிறம் மாறியிருக்கக்கூடும். இனத்தையும் இயல்பையும் இவ்வளவு கவனமாக நிலைநிறுத்திய ஒரு விளையாட்டில் நிறம் மட்டும் தடுமாறுவது பெரும் பிழையாகியிருக்கும். ஆக, எமரால்டின் சாதாரண எதிராளிக்கு நிலையான அடையாளமே இல்லை. சண்டைக்காக ஒரு கணம் தோன்றி மறையும் எண் அவர். உறவால் அமையும் ஒரு தன்மையை அடையாளமற்ற ஒருவரிடம் தற்செயலாக ஒட்டவைக்க முடியாது. அந்த நிரலைப் படிக்கும்போது எனக்குக் கிடைக்கும் முதல் பாடம் இதுதான்.

ரசிகர் விளையாட்டுகளில் இந்தக் கதவு திறந்தே இருக்கிறது. ஆர்பிஜி மேக்கர் எக்ஸ்பி என்னும் கருவியின் மேல் அமைந்த போக்கிமான் எசென்ஷியல்ஸ், பல ஆண்டுகளாக ரசிகர் விளையாட்டுகளின் அடித்தளம். அதில் எதிராளிகளின் அணிகள் ஓர் உரைக் கோப்பில் எழுதப்படுகின்றன: இனம், நிலை, கற்ற தாக்குதல்கள், கையில் உள்ள பொருள். அவற்றோடு, இந்தப் போக்கிமான் ஷைனி என்று குறிக்க ஒரே ஒரு வரி போதும். குறிக்காவிட்டால் அது ஷைனி ஆகாமல் கருவியே பார்த்துக்கொள்கிறது. எமரால்டின் மீட்டெழுதிய நிரலை விரிவாக்கி ரசிகர்கள் பயன்படுத்தும் அடித்தளத்திலும் இதே வசதி இருக்கிறது. முதன்மை விளையாட்டு பூட்டிவைத்ததை இந்தக் கருவிகள் ஆசிரியரின் விருப்பத்துக்கு விடுகின்றன.

அந்த விருப்பம் மூன்று வழிகளில் செயல்படுகிறது. ஒன்று, எதிராளிகளின் எல்லாப் போக்கிமான்களுக்கும் தற்செயல் வாய்ப்பைத் திறந்துவிடுவது. இரண்டு, ஜிம் லீடர்கள், எலைட் நால்வர், சாம்பியன் ஆகிய தலைவர்களின் முதன்மைப் போக்கிமான்களை எல்லாம் ஷைனியாக்கி, அதைத் தகுதிப் பட்டையாக அணிவிப்பது. மூன்று, கதை கேட்கும் ஒரே இடத்தில் ஒருவர் கையில் ஒன்றை ஆசிரியரே வைப்பது. மூன்றையும் எடைபோட மூன்று அளவுகோல்களை வைக்கிறேன். அந்த நிறம் நிலைக்கிறதா? அது உரிமையாளரைப் பற்றி எதையாவது சொல்கிறதா? ஆடுபவரின் ஆசையை நேர்மையோடு நடத்துகிறதா?

தற்செயல் வழிக்காகச் சொல்லப்படும் வாதம் வலுவானது. அதை அதன் முழு வலிமையோடே சொல்லிவிட வேண்டும். உலகம் ஆடுபவரைச் சுற்றி மட்டும் சுழலக் கூடாது. அதிர்ஷ்டம் அந்த உலகில் எல்லோருக்கும் உண்டு என்று காட்டினால் அந்த உலகுக்கு உயிர் வரும். வழியில் சந்திக்கும் சிறுவனின் ரட்டாட்டா நிறம் மாறி வந்தால், அவனும் என்றோ ஒருநாள் புல்வெளியில் திகைத்து நின்றிருப்பான் என்று தோன்றும். இதை எளிதில் தள்ளிவிட முடியாது.

எண்களை வைத்துப் பார்த்தால் வாதம் தளர்கிறது. ஒரு விளையாட்டில் 400 எதிராளிகள், ஆளுக்கு மூன்று போக்கிமான்கள் என்று கொள்வோம், மொத்தம் 1200. வாய்ப்பு 4096-இல் ஒன்று என்றால், கதையை முழுதாக முடிப்பவர் எதிராளியிடம் ஒரு ஷைனியாவது காணும் வாய்ப்பு ஏறத்தாழ 25 விழுக்காடுதான். நால்வரில் மூவர் காணவே மாட்டார்கள். அவர்களுக்கு இந்த உயிர்ப்பு இல்லவே இல்லை. நான்காமவர் காண்பதும் பெரும்பாலும் கதைக்குத் தொடர்பற்ற ஒரு வழிப்போக்கரிடம். வாய்ப்பை 512-இல் ஒன்றாக உயர்த்தினால் பத்தில் ஒன்பது பேர் ஒன்றையாவது காண்பார்கள். சராசரியாக ஒருவருக்கு இரண்டுக்கும் மேல் தென்படும். ஆனால் அப்போது ஷைனி அரியதாகவே இருக்காது. குறைந்த வாய்ப்பில் பயனில்லை, கூடிய வாய்ப்பில் பொருளில்லை. நடுவே நல்ல இடம் ஒன்றைத் தேடி நான் காணவில்லை.

நிலைப்பு என்னும் அளவுகோலிலும் இந்த வழி தோற்கிறது. கூடுதல் நிரல் எழுதாவிட்டால் எதிராளியின் அணி ஒவ்வொரு சண்டைக்கும் புதிதாக உருவாகும். சென்ற முறை மின்னிய ரட்டாட்டா இந்த முறை மின்னாது. வாதத்தின் உயிரே அந்தச் சிறுவனுக்கு ஒரு கடந்தகாலம் உண்டு என்பதுதான். இரண்டாம் சண்டையிலேயே அந்தக் கடந்தகாலம் அழிந்துபோகிறது. அவனை மனிதனாக்க வந்த வடிவமைப்பு அவன் ஒரு சீட்டுக் குலுக்கல் என்று அம்பலப்படுத்திவிடுகிறது.

ஆடுபவரின் ஆசை என்னும் அளவுகோல் இதைவிடக் கடுமையானது. 8192-இல் ஒன்று என்ற பழைய கணக்கில் ஒருவர் 8192 போக்கிமான்களைச் சந்தித்தாலும் ஒரு ஷைனிகூடக் கிடைக்காமல் போகும் வாய்ப்பு 37 விழுக்காட்டுக்குச் சற்றே குறைவு. இதைத் தெரிந்தே தேடுகிறார்கள். தாங்கிக்கொள்ள வழிகளும் பிறந்தன. வெவ்வேறு மொழிப் பதிப்பைச் சேர்ந்த இரு போக்கிமான்களை இணைத்து முட்டை பெற்றால் வாய்ப்பு கூடும் வழி 2006-இல் டைமண்டு, பேர்ல் விளையாட்டுகளில் வந்தது. விளையாட்டின் படைப்பாளிகளுள் ஒருவரான ஜுனிச்சி மசுடாவின் பெயரால் அது அழைக்கப்படுகிறது. வீழ்ந்த போக்கிமானை இறந்ததாகக் கருதும், ஒவ்வோர் இடத்திலும் முதலில் சந்தித்ததை மட்டுமே பிடிக்க அனுமதிக்கும் நஸ்லாக் ஆட்டமுறையில்கூட, எதிர்ப்பட்டது ஷைனி என்றால் விதியைத் தளர்த்திக்கொள்ளும் வழக்கம் உண்டு. இவ்வளவு மதிக்கும் ஒன்று கண்முன் வந்து, எறிந்த பந்தை எதிராளி தட்டிவிட்டுத் திருடாதே என்று கண்டிக்கும்போது எழுவது வியப்பு அல்ல, இழப்பு.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். கணக்குப்படி எதையும் இழக்கவில்லை. எதிராளியிடம் தோன்றிய ஷைனி ஆடுபவருக்கு வரவிருந்த ஷைனியைக் குறைப்பதில்லை. ஒவ்வொரு நிகழ்வும் தனி. ஆனால் விளையாட்டின் வடிவமைப்பு கணக்கை மட்டும் கையாள்வதில்லை, கணக்கை உணரும் மனிதரையும் கையாள்கிறது. காரணமே இல்லாமல் அந்த உணர்வைக் கிளறுவது வீண் வலி. தற்செயல் வழி மூன்று அளவுகோல்களிலும் தோற்கிறது.

இரண்டாம் வழி முதல் அளவுகோலில் வெல்கிறது. ஆசிரியர் கோப்பில் எழுதியதால் நிறம் நிலைத்திருக்கும். அழகியல் காரணமும் உண்டு. வெள்ளியாக மின்னும் மெட்டாகிராஸின் முகத்தில் பொன்னிறக் குறுக்குக்கோடு ஓடுகிறது. எஃகு வகைத் தலைவருக்கு அதைவிடப் பொருத்தமான தோற்றம் ஏது? நீல வளையங்களோடு வரும் அம்ப்ரியான், கறுத்த சரிசார்டு என்று நிறமே ஒரு பாத்திரத்தை நிறுவிவிடும் இனங்கள் பல. தலைவர்களை மற்றவர்களிடமிருந்து பிரித்துக்காட்ட வேண்டிய தேவையும் நியாயமானதே.

ஆயினும் எண்ணிக்கை இதைக் கெடுக்கிறது. வழக்கமான அமைப்பில் எட்டு ஜிம் லீடர்கள், எலைட் நால்வர், ஒரு சாம்பியன். மொத்தம் 13 பேர். பதின்மூன்று பேரும் ஷைனியோடு நின்றால், முதல் சண்டையில் சிலிர்க்கவைத்த பொறிகள் நான்காம் சண்டையில் கடைசிப் போக்கிமான் வந்துவிட்டது என்ற அறிவிப்பாகச் சுருங்கிவிடும். தினமும் தேரோடும் ஊரில் தேர்த்திருவிழா இருக்க முடியாது. ஆடுபவர் பின்னர் தானாகக் கண்டெடுக்கும் ஷைனி அவர் வாழ்வின் முதலாவதாக இருக்க வேண்டியது, இங்கே பதினான்காவதாகிவிடுகிறது. எதிராளிக்கு மெருகு சேர்க்கப்போய் ஆடுபவரின் கண்டெடுப்பை மலிவாக்குவது தவறான பரிமாற்றம்.

பொருள் என்னும் அளவுகோலிலும் இந்த வழி மெலிந்தே நிற்கிறது. பதின்மூன்று பேருக்கும் ஒரே அறிகுறி என்றால் அது அவர்களில் எவரைப் பற்றியும் எதுவும் சொல்லவில்லை. தலைவர் என்ற பதவியை மட்டுமே சொல்கிறது. பதவியைச் சொல்ல இசை இருக்கிறது, மெகா பரிணாமம் இருக்கிறது, சண்டைக்களம் இருக்கிறது, நன்றாக எழுதிய நான்கு வரி உரையாடல் இருக்கிறது. நிறத்தைப் பதவிச் சின்னமாக்கினால் இன்னொரு சிக்கலும் வருகிறது. எல்லா ஷைனிகளும் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிபவை அல்ல. கெங்காரின் ஷைனி வடிவம் சாதாரண வடிவத்திலிருந்து வேறுபடுவதே அரிது. கார்சோம்பின் ஷைனியும் சற்று வெளிறியதுதான். வரிசைக்காக அவற்றையும் ஷைனியாக்கினால், பொறிகள் அடங்கியபின் ஆடுபவர் கண்ணில் நிற்பது எதுவும் இல்லை. நிறங்களைப் பிரித்தறிவதில் சிரமம் உள்ளவர்களுக்கு இது மேலும் கடினம். ஆக இரண்டாம் வழி நிலைக்கிறது, ஆனால் பேசுவதில்லை, நேர்மையிலும் பாதிதான்.

மூன்றாம் வழிக்கு முன்மாதிரி கோல்டு, சில்வரிலேயே இருக்கிறது: கோப ஏரியில் நிற்கும் சிவப்பு கியாரடோஸ். ஷைனி என்ற ஒன்று உண்டு என்றே பலர் அறிந்துகொண்டது அந்தச் சந்திப்பில்தான். அது தற்செயல் அல்ல. எல்லோருக்கும் அது ஷைனியாகவே வரும். அந்த நிறத்துக்குக் கதையில் காரணமும் உண்டு. டீம் ராக்கெட் என்னும் குற்றக் கும்பல் அருகில் உள்ள மகாகனி ஊரிலிருந்து வானொலி அலைகளை அனுப்பி ஏரியின் மேஜிகார்ப்புகளைக் கட்டாயமாகக் கியாரடோஸாகப் பரிணமிக்கச் செய்கிறது. உரிய காலத்துக்கு முன்பே மாற்றப்பட்டதால் மேஜிகார்ப்பின் சிவப்பு அதன் உடலில் தங்கிவிட்டது என்று கொள்ளலாம். அந்த நிறம் ஒரு குற்றத்தின் சான்று. ஆடுபவர் அதைப் பிடிக்கலாம், வீழ்த்தலாம். எப்படியும் சிவப்புச் செதில் கையில் கிடைக்கும். அந்தச் சந்திப்புக்குப் பின்னரே டிராகன் வீரர் லான்ஸ் வந்து பேசுகிறார், டீம் ராக்கெட்டை முறியடிக்கும் பகுதி தொடங்குகிறது. அனிமேயில் இதே கியாரடோஸை லான்ஸே பிடித்துத் தனதாக்கிக்கொள்கிறார். அங்கே லான்ஸின் கையில் அது நின்றபோது ஏன் அவரிடம் என்று யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அது எப்படி அவரிடம் வந்தது என்பதைப் பார்த்திருந்தோம். எதிராளியின் ஷைனி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான இலக்கணம் எனக்குத் தெரியவில்லை.

ரசிகர் விளையாட்டுகளில் அண்மைய எடுத்துக்காட்டு, 2024-இல் உலாவியிலேயே ஆடும்படி பரவலான போக்கிரோக். ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்கி அலை அலையாக முன்னேறும் விளையாட்டு அது. ஐவி அல்லது ஃபின் என்னும் போட்டியாளர் வழியில் பலமுறை எதிர்ப்படுகிறார். ஒவ்வொரு முறையும் அணி வளர்ந்திருக்கும். பிற்பகுதிச் சந்திப்புகளில் அவர் கொண்டுவரும் ரேக்வாசா ஷைனியாகவே எழுதப்பட்டிருக்கிறது. நிலைப்பு என்னும் அளவுகோலில் இது முழுமையாக வெல்கிறது. பொருளும் உண்டு. அந்த விளையாட்டில் ஷைனிகள் ஆடுபவரின் அதிர்ஷ்ட அளவை உயர்த்தி நல்ல வெகுமதிகளை வரவைக்கின்றன. அங்கே ஷைனியைத் தேடுவது விளையாட்டின் மையத் தொழில். அதே தொழிலில் போட்டியாளரும் நம்மைப் போலவே ஈடுபட்டிருக்கிறார், நம்மைவிட ஒரு படி முன்னால் இருக்கிறார் என்று அந்த ரேக்வாசா ஒரு சொல்லும் இல்லாமல் அறிவிக்கிறது.

குறையும் இருக்கிறது. ரேக்வாசாவே பழம்புராணப் போக்கிமான். அது வந்து நிற்பதே போதிய அதிர்ச்சி. அரியதன் மேல் இன்னோர் அரியதை ஏற்றும்போது இரண்டாவது அரிய தன்மை முதலாவதன் நிழலில் மறைகிறது. அந்தப் போட்டியாளர் தொடக்கத்திலிருந்தே கூட வைத்திருக்கும் சிறு பறவை ஷைனியாக இருந்திருந்தால், ஒவ்வொரு சந்திப்பிலும் அது வளர்வதைப் பார்த்திருப்போம். உறவு இன்னும் ஆழமாகத் தெரிந்திருக்கும். இருந்தும் என் எடையில் போக்கிரோக்கின் முடிவு சரியான பக்கத்திலேயே நிற்கிறது.

எதிராளியின் போக்கிமானைப் பறிக்க முடியும் என்றால் கணக்கு மாறுமா? 2003-இல் வந்த கொலோசியம் இதை ஆராய நல்ல களம். எதிராளிகளிடம் உள்ள நிழல் போக்கிமான்களை வெஸ் என்னும் நாயகன் ஒரு கருவியால் பறித்து மீட்கிறான். அவை ஷைனியாக அமைய அங்கே வாய்ப்பு இருந்தது. 2005-இல் வந்த எக்ஸ்டியில் நிழல் போக்கிமான்களின் எண்ணிக்கை 48-லிருந்து 83 ஆக உயர்ந்தது. ஆனால் அவற்றில் எதுவும் ஷைனி ஆகாதபடி அடைக்கப்பட்டுவிட்டது. எசென்ஷியல்ஸ் கருவியில் இந்தப் பறிப்பு முறையும் இருப்பதால் ரசிகர் படைப்பாளிகளுக்கு இரு பாதைகளும் திறந்திருக்கின்றன. பறிக்க முடிந்தால் ஆசையை ஏமாற்றும் குற்றம் நீங்குகிறது. ஆனால் கொலோசியத்தில் பறிப்பது அறமாவது அந்த விலங்குகளின் இதயம் அடைக்கப்பட்டிருப்பதால்தான், அது மீட்பு. நிறத்துக்காகப் பறிக்கத் தூண்டும் கதை மீட்பைக் கொள்ளையாக மாற்றிவிடும். நிழல் இல்லாத எதிராளியிடம் ஷைனியை வைத்துப் பறிக்கச் சொல்வதை நான் ஏற்க மாட்டேன்.

இதைவிட நல்ல தீர்வு பிளாக் 2, வைட் 2-இல் இருக்கிறது. பெங்கா என்னும் வீரனை அவனது சவால் தளத்தின் முடிவில் வென்றால், அவன் ஒரு ஷைனி டிராகன் குட்டியைப் பரிசளிக்கிறான். பதிப்பைப் பொறுத்து அது டிராட்டினி அல்லது கிபிள். எதிராளி தன் மதிப்புக்குரியதைத் தானே மனமுவந்து கொடுக்கிறார்.  ஷைனி ஓர் உறவு என்று முன்பு சொன்னதை இந்தப் பரிசு வேறு விதத்தில் நிறைவேற்றுகிறது. எதிராளியிடம் ஷைனி வைக்கும் ரசிகர் படைப்பாளி, சண்டைக்குப் பின் அதே இனத்தின் ஒரு முட்டையை, ஷைனி என்ற உறுதி இல்லாமலேகூட, பரிசாகத் தரலாம். ஆடுபவரின் ஏக்கத்துக்கு ஒரு வழி திறக்கிறது. எதிராளியின் விலங்கு எதிராளியுடனேயே இருக்கிறது.

என் தீர்ப்பு இது. எதிராளிகளின் கையில் ஷைனி இருக்கலாம். அது தடைசெய்ய வேண்டிய வழக்கம் அல்ல. சரியாகச் செய்தால் நல்ல கதைக்கலை. ஆனால் தற்செயலாக ஒருபோதும் வரக் கூடாது. எமரால்டின் காவலை ரசிகர் விளையாட்டுகளும் அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும். பதவியின் அடையாளமாக வரிசையாக வரக் கூடாது. ஒரு விளையாட்டுக்கு ஒன்று. மிக நீண்ட கதைக்கு இரண்டு. அந்த ஒன்று நிறத்தால் தெளிவாகப் பேசும் இனமாக இருக்க வேண்டும். அதன் உரிமையாளர் ஒருமுறைக்கு மேல் சந்திக்கும் பாத்திரமாக இருக்க வேண்டும். அவரிடம் அது எப்படி வந்தது என்பதை ஆடுபவர் பார்த்தோ கேட்டோ இருக்க வேண்டும். ஒவ்வொரு சண்டையிலும் அதே விலங்கு அதே நிறத்தில் வர வேண்டும்.

ஒரு விதிவிலக்கை ஏற்கிறேன். ஒவ்வொரு முறையும் உலகமே புதிதாகப் பிறக்கும் ரோக்லைக் விளையாட்டுகளிலும், எல்லாவற்றையும் குலுக்கிப்போடும் ஆட்டமுறைகளிலும் சாதாரண எதிராளிகளுக்குக் கடந்தகாலமே கிடையாது. அங்கே தற்செயல் ஷைனி நிலைப்பைக் குலைப்பதில்லை, ஏனெனில் குலைக்க நிலைப்பே இல்லை. அதைப் பொறுத்துக்கொள்ளலாம், பாராட்ட முடியாது, ஏனெனில் அங்கும் அது யாரைப் பற்றியும் எதையும் சொல்வதில்லை.

இந்தத் தீர்ப்பு ரசிகர் படைப்பாளிகளின் கையைக் கட்டுவதாகத் தோன்றலாம். நான் கேட்பது அதற்கு நேர்மாறானது. முதன்மை விளையாட்டின் சாதாரண எதிராளி சண்டை முடிந்ததும் மறையும் எண். அவருக்கு ஷைனியை மறுக்க நிரலுக்குக் காரணம் இருந்தது. ரசிகர் படைப்பாளி அந்த எண்ணை மனிதராக்க முடியும். பல ஆண்டு உழைப்பை அவர் கொட்டுவதும் அதற்காகத்தான். ஷைனி என்று குறிக்கும் அந்த ஒரு வரியைக் கோப்பில் எழுதுமுன், அந்த எதிராளி அதை எங்கே, எப்போது, எப்படிச் சந்தித்தார் என்று அவர் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும். விடை இருந்தால் அதை உரையாடலில் எழுதிவிட்டுக் குறிக்கலாம். விடை இல்லையென்றால் அந்த வரியை விட்டுவிட வேண்டும். சாதாரண நிறத்தில் வந்தாலும் அந்தச் சண்டை எதையும் இழக்காது.